பாட வராத நடிகரை வைத்துப் பாட்டுப்படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட வராத ஒருவரைப் பாட்டுப்படத்துக்கு நாயகனாகவோ நாயகியாகவோ அமர்த்துவது தவறன்று. உலகத்தில் பெயர்பெற்ற பாட்டுப்படங்கள் பலவற்றில் முன்னால் நிற்பவர்கள் பாடகர்கள் அல்லர். அவர்களுள் சிலர் அந்தப் படங்களுக்காகவே பெரிய விருதுகளையும் வாங்கியிருக்கிறார்கள். தவறு வேறோர் இடத்தில் நிகழ்கிறது. திரையில் தெரியும் முகத்துக்கு யாருடைய தொண்டை என்ற கேள்வியை எந்த நாளில் கேட்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. மெட்டுப் போடுவதற்கு முன்னரே அதைக் கேட்டவர்களுக்கு வழி கிடைத்தது. படப்பிடிப்பு முடிந்து படத்தொகுப்புக்கு உட்கார்ந்த பிறகு கேட்டவர்கள் மிகுந்த துன்பப்பட்டார்கள்.

நான் சேலத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். அம்மாப்பேட்டை, சூரமங்கலம், ஓமலூர், ஆத்தூர் என்று பல இடங்களிலிருந்தும் இளைஞர்கள் குறும்படத்துக்கும் ஆல்பம் பாட்டுக்கும் குரல் பதிய வருகிறார்கள். பெரும்பாலும் ஏற்காட்டின் ஏரிக்கரையிலோ, லேடீஸ் சீட்டிலோ, பகோடா பாயிண்டிலோ படம்பிடித்துவிட்டு வருவார்கள். அண்மைக்காலமாக, ஒரு பாட்டு இரண்டு பாட்டு என்று நில்லாமல், கதை முழுவதையும் பாட்டாலேயே சொல்லும் இருபது நிமிடப் படங்களை எடுக்கும் ஆசை அவர்களிடம் வளர்ந்திருக்கிறது. அந்த ஆசையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் என் அறைக்கு வந்துசேரும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன என்பதால், அவற்றை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடந்துதான் அந்த இளைஞர்கள் மலையேறுகிறார்கள். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த நிறுவனத்தில் இதே சிக்கல்களை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் எதிர்கொண்டு தீர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

குரலைக் கடைசியில் தேடுவது

தமிழில் பேசும்படம் வந்த காலத்தில் பாட வராதவருக்கு நாயக வேடமே கிடையாது. எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம், கே.பி. சுந்தராம்பாள் என்று நாடக மேடையில் தொண்டையைப் பழக்கியவர்களே திரைக்கு வந்தார்கள். இந்த நிலை மாறத் தொடங்கிய காலத்தின் குறிப்பிடத்தக்க நிகழ்வு 1945இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'. மகாலிங்கம் தம் பாடல்களைத் தாமே பாடினார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டு மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று படத்தை எடுத்த ஏ.வி. மெய்யப்பன் கருதினார். ஆனால் அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. ஆகவே, திரையில் ஏற்கெனவே பதிந்துவிட்ட ருக்மணியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து பி.ஏ. பெரியநாயகி பாட, அந்தக் குரல் சேர்க்கப்பட்டது. படம் பெருவெற்றி பெற்றது. இந்த வெற்றியைக் காட்டி, "அப்போதே பின்னால் சேர்த்தார்களே" என்று வாதாடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாத நிலையில், தேர்ந்த ஒரு பாடகி தம் மூச்சை இன்னொருவர் மூச்சுக்கு அடக்கிப் பாடி மீட்டுக்கொடுத்த படம் அது. அதை ஒரு வேலைமுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹாலிவுட்டிலும் இதே கதை நடந்தது. அங்கே வேண்டுமென்றே நடந்தது என்பதுதான் வருத்தம். 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட் தம் பாடல்களைத் தாமே பாடிப் பதிவுசெய்தார். அந்தப் பதிவை ஒலிக்கவிட்டே காட்சிகளும் எடுக்கப்பட்டன. தம் குரலே படத்தில் வரும் என்று அவர் நம்பியிருந்தார். படப்பிடிப்பு முடிந்த பின்னர் மார்னி நிக்சன் என்ற பாடகியை அழைத்து, வுட்டின் வாயசைப்புக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் மறுபடி பாடவைத்தார்கள். பாடத் தடுமாறும் ஒருவர் இழுத்த இடத்தில் இழுத்து, விட்ட இடத்தில் விட்டு, ஆனால் சுருதி மட்டும் பிசகாமல் பாடுவது எத்தகைய வேலை என்பது பாடிப் பார்த்தவர்களுக்கே விளங்கும். மூன்று ஆண்டுகள் கழித்து 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் பாட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பாடியும் பதிந்தார். படத்தில் பெரும்பகுதி ஒலிப்பது அதே நிக்சனின் குரல். அந்த ஆண்டு அப்படம் எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்றது; ஹெப்பர்னின் பெயர் நடிகையர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை.

இது எவ்வளவு வலி தரும் என்பதை நான் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழு ஏற்காட்டில் ஒரு பாட்டுப்படம் எடுத்தது. நாயகன் தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை. நடிப்பு அபாரம், பேசினால் கோயில் மணிபோல் அடியிலிருந்து எழும் குரல், ஆனால் சுருதி நிற்காது. படப்பிடிப்புக்கு முன்னர் நான் கேட்டபோது இயக்குநர், "பாட்டை அப்புறம் பாத்துக்கலாங்ணா, மொதல்ல ஷூட் முடிச்சர்லாம்" என்றார். அந்தப் பிள்ளையே கைப்பேசியில் பாடிய வழிகாட்டிப் பதிவை வைத்துக் காட்சிகளை எடுத்தார்கள். பிறகு பயிற்சி பெற்ற ஒரு பாடகரை வரவழைத்து என் அறையில் பாடவைத்தோம். இரண்டு நாள் முயன்றும் உதடும் ஒலியும் ஒன்றவில்லை. நாயகன் ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு வாங்கியிருந்தான், பாடகரோ இரண்டடியை ஒரே மூச்சில் கொண்டுபோகப் பழகியவர். இறுதியில் பாட்டுகள் ஒலிக்கும் இடத்திலெல்லாம் நாயகனின் முதுகும், ஏரியும், பனிமூட்டமும் வந்தன. அவன் முகத்துக்காக எடுத்த படத்தில் அவன் முகம் இல்லாமல் போயிற்று. அன்று நான் வற்புறுத்தி நிறுத்தியிருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே, கதை முடிவானதும் நாயகனையோ நாயகியையோ அறைக்கு அழைத்துவந்து, பேசச் சொல்லியும் பாடச் சொல்லியும் பதிவுசெய்து கேளுங்கள். அவரே பாடுவதா, இரவல் குரலா, பாதி பேச்சும் பாதி பாட்டுமா என்பதை அன்றே முடிவுசெய்து, அதை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தொண்டைக்குப் பொருந்தாத மெட்டு

நடிகரே பாடட்டும் என்று முடிவானால், அடுத்த தவறு மெட்டில் நுழைகிறது. இசையமைப்பாளர் தம் மனத்தில் ஒரு தேர்ந்த பாடகரை நினைத்து மெட்டுப் போடுகிறார். ட்ராக் பாடுபவரும், அதாவது மாதிரிக்கு முதலில் பாடிப் பதிபவரும், அழகாகப் பாடிக்கொடுக்கிறார். பிறகு அதையே நடிகரின் கையில் கொடுத்துப் "பழகிக்கொள்" என்கிறார்கள். பழக்கமில்லாத தொண்டை ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவுக்குத்தான், அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரைதான், வசதியாக உலவும். அதற்குள்ளும் கடைசி இரண்டு மூன்று சுரங்கள் நெரிந்தே வரும். மெட்டு மேல் பஞ்சமத்தைத் தொட்டுத் திரும்பினால் அவர் கத்துவார், அல்லது குரலை மெலிதாக்கிக்கொள்வார். இரண்டிலும் பாத்திரம் காணாமல் போய்விடும்.

முதலில் செய்ய வேண்டியது சுருதியைக் குறைப்பது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். பொதுவாக ஆண்கள் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள் என்பதால், அதையே சட்டம்போல எண்ணி மெட்டமைக்கிறார்கள். நடிகரின் பேச்சு எந்தச் சுரத்தைச் சுற்றி நடக்கிறது என்பதைக் கீபோர்டில் தொட்டுப் பார்த்து, அதற்கு ஒன்றிரண்டு சுரம் மேலே பாட்டின் நடுப்பகுதி அமையுமாறு சுருதி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். பிறகு சங்கதிகளை, அதாவது ஒரே அடியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவுகளை, குறைக்க வேண்டும். வேகமாகச் சுரங்கள் உருளும் பிர்கா விழும் இடத்தை வாத்தியத்துக்குக் கொடுத்துவிட்டு, நடிகருக்கு நேராக நடக்கும் சுரங்களை வைக்கலாம். நெடில் எழுத்தில் நீண்டு நிற்கும் கார்வைதான் பாட வராதவரைக் காட்டிக்கொடுப்பது. பாடலாசிரியரிடம் சொல்லி அடியின் முடிவில் குறிலோ வல்லின ஒற்றோ வருமாறு எழுதி வாங்கினால், சொல் முடியும்போதே சுரமும் முடிந்துவிடும். பாடல் எழுதுபவரையும் இந்த ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை.

இதை நன்றாகச் செய்த படத்துக்கு அதே 'மை ஃபேர் லேடி'யையே காட்டலாம். ரெக்ஸ் ஹாரிசன் பாடகர் அல்லர். பேராசிரியர் வேடத்துக்கான பாடல்கள் அவருடைய பேச்சு நடைக்கென்றே அமைக்கப்பட்டவை. சொல்லைச் சுரத்தின் மேல் லேசாக ஏற்றி, தாளத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, பேசுவதுபோலப் பாடினார். ஒரு முறை சொன்னதுபோல் மறுமுறை சொல்ல வராது என்பதால் முன்பதிவுக்கும் வாயசைப்புக்கும் அவர் இணங்கவில்லை. அவருடைய கழுத்துப்பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கியை மறைத்துவைத்துப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிந்தார்கள். சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை அவர் பெற்றார். ஒரே படத்தில், பாட வராத ஒருவருக்காகப் பாட்டையே மாற்றி வெற்றி கண்டார்கள். இன்னொருவருக்குக் குரலை மாற்றி அவருடைய உழைப்பை வீணாக்கினார்கள்.

1969இல் வந்த 'பெயிண்ட் யுவர் வேகன்' இன்னொரு பாடம். லீ மார்வினும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் அதில் தாமே பாடினார்கள். படத்தைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் சரளைக்கல்லைப் புரட்டுவதுபோன்ற மார்வினின் அடித்தொண்டைக் குரலில் மெதுவாக நகரும் நாடோடிப் பாட்டு 1970இல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனை வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டில் அவர் எட்ட முடியாத சுரம் ஒன்றுமே இல்லை. ஊர் நிலைக்காத ஒரு மனிதனின் களைப்பை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. இதற்கு மாறாக, 2008இன் 'மம்மா மியா'வில் பியர்ஸ் பிராஸ்னனுக்குக் கிடைத்தவை, குரல்வளம் மிக்க பாடகியர் பாடிப் புகழ்பெற்ற மெட்டுகள். அந்த மெட்டுகளை அவர் முழுமூச்சுடன் பாடினார். அதற்காக மிக மோசமான துணைநடிகர் என்ற கேலிப் பரிசும் வந்தது. படமோ உலகெங்கும் அறுபது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ரசிகர்கள் மன்னித்துவிடுவார்கள் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும், மெட்டைச் சிறிது தாழ்த்தியிருந்தால் அந்த மனிதர் அவ்வளவு நெரிந்து பாட வேண்டியிருந்திருக்காது என்று கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பேச்சும் பாட்டும் வெவ்வேறு ஆளாகத் தெரிவது

இரவல் குரல்தான் என்று முடிவானால், குரலின் இனிமையை மட்டும் பார்த்துப் பாடகரைத் தேர்ந்தெடுப்பது மிகப் பெரிய தவறு. 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்கு சி.எஸ். ஜெயராமன் பாடினார். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் டி.எம். சௌந்தரராஜன் அவருக்குப் பாடிய பின்னர்தான், பேசிக்கொண்டிருந்தவரே பாடத் தொடங்கினார் என்ற உணர்வு முழுமையாக வந்தது என்பது என் கருத்து. அதே ஆண்டில் 'மலைக்கள்ள'னில் சௌந்தரராஜனே எம்.ஜி.ஆருக்கும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் சொல்லின் முதலெழுத்தில் விழும் அழுத்தமும் அடிவயிற்றுக் கனமும் தெரியும். மற்றொன்றில் குரல் தெளிந்து, சற்று மேலே நின்று, ஒவ்வொரு சொல்லையும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு அனுப்புவதுபோல ஒலிக்கும். நடிகர் எப்படிப் பேசுவார் என்பதைப் படித்துவிட்டுப் பாடிய குரல் அது.

நம்மூரில் பிறந்த படங்களிலேயே இதற்கு அருமையான சான்றுகள் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில், மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லும் எண்ணத்துடன் வில்லன் அவளை அழைத்துச் செல்லும் காட்சிப் பாட்டைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். திரையில் தோன்றியவர்கள் எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். லோகநாதனின் குரலில் இருக்கும் குழைவு, பாட்டின் இனிமைக்காக மட்டும் அமைந்ததன்று. நஞ்சை மறைக்கும் தேனாக அந்தப் பாத்திரத்துக்கே அது தேவைப்பட்டது. அதே நிறுவனம் 1956இல் கேவா கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் இதைவிட வியப்பான ஓர் ஏற்பாடு உண்டு. அதன் காதல் பாட்டில் பி. பானுமதி தம் சொந்தக் குரலில் பாடுகிறார், எம்.ஜி.ஆருக்கு ஏ.எம். ராஜா பாடுகிறார். ஒரே பாட்டில் ஒரு முகத்துக்குச் சொந்தக் குரல், மற்றதற்கு இரவல் குரல். பேசும்போதும் பாடும்போதும் ஒரே குரலாக இருக்கும் பானுமதிக்கு எதிரில் இரவல் குரல் அம்பலப்பட்டிருக்க வேண்டும். ராஜா குரலை ஏற்றாமல் பேச்சளவுக்கு மென்மையாக வைத்துக்கொண்டதால் அப்படி நேரவில்லை. சொந்தக் குரலும் இரவல் குரலும் கலக்கும் படம் எடுப்பவர்கள் இந்தப் பாட்டைப் பத்து முறையாவது கேட்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பாட்டுகள் இடம்பெறும் தமிழ்ப்படம் வேறு. கதையே பாட்டால் நகரும் பாட்டுப்படம் வேறு. முன்னதில் பேச்சு நின்று, வாத்தியங்கள் முழங்கி, காட்சி மாறி, பிறகு பாட்டு வருகிறது. அந்த இடைவெளியில் குரல் மாற்றத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எழுபது எண்பது ஆண்டுப் பழக்கம் நம் செவியைப் பக்குவப்படுத்தியிருக்கிறது. பின்னதில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், பாட்டு தொடங்கிவிடும். அங்கே பேச்சின் கடைசிச் சொல்லும் பாட்டின் முதற்சொல்லும் அருகருகே நிற்பதால் சிறு வேறுபாடும் பளிச்சென்று தெரியும். அந்த ஒட்டு வெளியே தெரியாமலிருக்க, பேச்சின் கடைசி அடியையும் பாடகரையே பேசவைத்துப் பதிவது ஒரு வழி; பாட்டின் முதலடியை நடிகரே பேச்சாகத் தொடங்கி, இரண்டாம் அடியிலிருந்து பாடகர் ஏற்பது இன்னொரு வழி. நடிகரின் பேச்சொலி முழுவதையும் டப்பிங்கில் ஒரே அறையில், ஒரே ஒலிவாங்கியில் பதிந்தால், குரல் மாறினாலும் சூழல் மாறாது. முதலடியை நடிகருக்கு விடும் இரண்டாவது வழியைத்தான் நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன்.

இந்த இரண்டாவது வழி நமக்குப் புதிதன்று. சேலம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் வேடம் கட்டியவரே பாடுகிறார். ஆனால் அவர் அடியை எடுத்துக்கொடுத்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கி, நிறைத்து, அவருக்கு மூச்சு வாங்க இடம் தருகிறார்கள். விடியும் வரை ஆட வேண்டிய உடம்புக்கு அந்தத் துணை வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் யாரும் அதை ஏமாற்று என்று எண்ணுவதில்லை. பாட வராத நடிகரைச் சுற்றி முப்பது வயலின்களையும் எதிரொலியையும் கொட்டி அவர் குரலை மூழ்கடிப்பதைவிட, இப்படி வெளிப்படையாகத் தோள்கொடுக்கும் குரல்களைச் சேர்ப்பது நூறு மடங்கு நல்லது.

உதடு மட்டும் அசைவது

வாயசைப்பில் பெரும்பாலோர் உதட்டையே கவனிக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணோ தொண்டையையும் மார்பையும் பார்க்கிறது. பாடுபவர் அடிக்கு முன்னால் மூச்சை இழுக்கிறார். மேல் சுரத்தில் கழுத்து நரம்பு எழுகிறது. சுரம் இறங்கும்போது தோள் தளர்கிறது. சத்தமின்றி உதட்டை மட்டும் அசைக்கும் நடிகரிடம் இவை எதுவும் இருக்காது. எவ்வளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, படப்பிடிப்பில் அவர் வாய்விட்டு, உரத்த குரலில் பாட வேண்டும். அந்த ஒலி படத்தில் வரப்போவதில்லை. அந்த உழைப்பு முகத்தில் வரும்.

1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் சிவகுமார் கச்சேரி வித்வானாக நடித்தார், பாடியவர் கே.ஜே. ஏசுதாஸ். தாளம் போடும் கை, சங்கதி போகும் திசையில் எழும் விரல், அடுத்த அடிக்கு முன் வாங்கும் மூச்சு ஆகியவற்றால்தான் நாம் அவரைப் பாடகராக நம்புகிறோம். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னம் உப்பும் விதமும், கண் சிவக்கும் விதமும் அந்த ஒலிக்கு உடம்பு கொடுத்தன. இரவல் குரல் வெற்றிபெறும்போது அதில் பாதி பாடியவருடையது, பாதி இப்படி உடம்பைக் கொடுத்தவருடையது.

மலையில் படம்பிடிப்போருக்குச் சில நடைமுறைச் செய்திகளையும் சொல்ல வேண்டும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்கிறது. ஏரியின் மறுகரையில் கேமராவையும் ஒலிபெருக்கியையும் வைத்துவிட்டு, நடிகரை 34 மீட்டர் தள்ளி நிறுத்தினால், பாட்டு அவர் காதுக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். விநாடிக்கு 24 படம் (ஃப்ரேம்) என்ற கணக்கில் அது இரண்டு படத்துக்கு மேல். அண்மைக்காட்சியில் எல்லாம் பொருந்தி, தொலைவிலிருந்து எடுத்த காட்சியில் மட்டும் உதடு பிந்துவதற்கு இதுவே காரணம். நடிகரைத் திட்டுவது நியாயமன்று. ஒலிபெருக்கியை அவர் காலடியில், புதருக்குள் மறைத்து வையுங்கள். புளூடூத் காதொலிப்பான் கொடுத்தாலும் அதிலும் தாமதம் உண்டு என்பதால், கம்பி இணைப்பே பாதுகாப்பானது. மெதுவசைவுக் காட்சி வேண்டி விநாடிக்கு 48 படம் எடுத்தால், பாட்டையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நடிகர் அந்த வேகத்துக்கே பாட வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் படவேகம் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, நிலையான வேகத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதடு மூன்றாம் நிமிடத்தில் நழுவியிருக்கும்.

நேரடிப் பதிவின் கவர்ச்சியும் திருத்தக் கருவியின் கவர்ச்சியும்

2012இன் 'லே மிசராப்ளே' என்ற ஆங்கிலப் பாட்டுப்படம் வந்த பிறகு, நடிகர்கள் தளத்திலேயே பாடினால்தான் உண்மை வரும் என்ற எண்ணம் பரவியது. அதில் நடிகர்களின் காதில் சிறு ஒலிப்பான் பொருத்தி, மறைவில் ஒருவர் பியானோ வாசிக்க, நடிகரின் வேகத்துக்குப் பியானோ வளைந்துகொடுத்தது. முழு வாத்தியக் குழு பின்னர் சேர்ந்தது. ஆன் ஹாத்வே ஒரே அண்மைக்காட்சியில் அழுதுகொண்டே பாடிய பாட்டு அவருக்கு ஆஸ்கரைத் தந்தது. ரஸல் குரோவின் பாட்டோ பரவலாகக் குறைகூறப்பட்டது. முறை ஒன்றே. தொண்டையின் பயிற்சியும், பாத்திரத்துக்கு எழுதப்பட்டிருந்த சுரங்களும் வேறு. நேரடிப் பதிவு நடிப்பைக் கூட்டும்; சுருதியைக் கூட்டாது. மேலும், லேடீஸ் சீட்டில் காற்று வீசாத நேரமோ, கொண்டையூசி வளைவுகளில் வண்டிகள் ஒலியெழுப்பாத நேரமோ மிகக் குறைவு. காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே, விடிந்த உடனே, உரிமையாளரின் அனுமதியோடு முயன்றால் ஓரளவு அமைதி கிடைக்கும். ஆனால் அந்தக் குளிரில் பழக்கமில்லாத தொண்டை திறக்க அரை மணி நேரமாவது ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

"எப்படியும் பாடட்டும், கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்" என்பது இன்றைய பெருந்தவறு. 1997இல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து, பிசகிய சுரத்தை அருகிலுள்ள சரியான சுரத்துக்கு இழுத்துவிட முடிகிறது. ஆனால் அந்தக் கருவி சுரத்தைத்தான் திருத்தும். தாளத்துக்குப் பிந்திய சொல்லையும், மூச்சுப் போய் மெலிந்த முடிவையும், பயத்தில் இறுகிய குரலையும் அது திருத்துவதில்லை. நம் இசைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. பன்னிரண்டு சுரத்தானங்களில் எதிலும் நில்லாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கருவி பிழை என்று எண்ணிப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது. மெட்டில் ராகச் சாயல் இருந்தால், கருவியின் வேகத்தைக் குறைத்து, நீண்டு நிற்கும் சுரங்களில் மட்டும் கையால் தொட்டுத் திருத்த வேண்டும்; முழுப் பாட்டின் மேலும் போர்த்திவிடக் கூடாது. நான் பாட்டைப் பகுதி பகுதியாகப் பதிந்து, ஒவ்வொரு பகுதியிலும் நடிகரின் ஐந்தாறு முயற்சிகளிலிருந்து நல்ல சொற்களைச் சேர்த்தெடுத்து, அதற்கு மேலும் தேவைப்பட்டால்தான் கருவியைத் தொடுகிறேன். நேரம் கூடுதலாக ஆகிறது என்றாலும், குரல் மனிதக் குரலாகவே இருக்கிறது.

பெயர் போடாமல் விடுவது

குரல் கொடுத்தவரை மறைப்பது, இந்தத் தொழிலின் பழைய அநீதி. 1949இன் இந்திப் படமான 'மஹல்' இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகப் படத்தின் பாத்திரப் பெயரே அச்சாகியிருந்தது. மார்னி நிக்சன் 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர்ருக்கும், பின்னர் வுட்டுக்கும், ஹெப்பர்னுக்கும் பாடினார். மூன்று படங்களிலும் அவர் பெயர் திரையில் இல்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு வருவாயில் அவருக்குப் பங்கு மறுக்கப்பட்டபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தம் பங்கிலிருந்து கால் சதவீதத்தை விட்டுக்கொடுத்தார். இரவல் குரலையே கதையாகக் கொண்ட 1952இன் 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில்கூட, இன்னொருத்திக்குக் குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸின் சில பாட்டுகளைப் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி பாடினார். அவர் பெயரும் படத்தில் கிடையாது.

தமிழ்ப்படங்களில் பின்னணிப் பாடகரின் பெயர் வெகுகாலமாக டைட்டிலில் வருகிறது. அந்த நல்ல பழக்கத்தை இன்றைய குறும்படக்காரர்கள் கைவிடுவதைப் பார்க்கிறேன். நடிகரே பாடியதாக எண்ணட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நடிகருக்கும் அது நல்லதன்று: அடுத்த வாரம் ஒரு கல்லூரி விழாவில் மேடையேற்றி, "அந்தப் பாட்டைப் பாடுங்க தம்பி" என்று ஒலிவாங்கியை நீட்டும்போது அவர் தலைகுனிய வேண்டியிருக்கும். யார் எந்த அடியைப் பாடினார் என்பதையும், ட்ராக் பாடிக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதையும் எழுத்தில் போடுங்கள். பாடியவருக்கான தொகையைப் பதிவன்றே கொடுத்துவிடுங்கள்.

முன்பு நான் சொன்ன தறிக்குடும்பத்துப் பிள்ளை சென்ற ஆண்டு இன்னொரு குழுவுடன் மறுபடியும் வந்தான். இந்த முறை மெட்டுக்கு முன்பே வந்தார்கள். அவன் பேச்சைக் கேட்டுவிட்டு, இசையமைப்பாளர் அரைக் கட்டைக்கும் கீழே சுருதி வைத்தார். ஒவ்வொரு பாட்டிலும் முதலடியை அவன் பேச்சாகத் தொடங்க, ஓமலூர்ப் பக்கத்துக் கூத்துக் குழுவைச் சேர்ந்த இருவர் பின்பாட்டாக வாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பாட்டின் இறுதி நான்கு அடிகளை மட்டும் வாத்தியம் ஏதுமின்றி அவனே பாடினான். ஓரிடத்தில் சுருதி சற்றே இறங்கியது. திருத்தட்டுமா என்று கேட்டேன். இசையமைப்பாளர் இரண்டு முறை கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். அந்த நான்கு அடிகளுக்கும் கேமரா அவன் முகத்தை விட்டு அகலவில்லை.